விமலா உபயம்

எட்டாம்கட்டைத் தோட்டத்தில் இரகசியம் காப்பது சிரமம். வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்து வீடுகளைப் பிரிப்பது வெறும் பலகைச் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "நூறு வயசு" என்று வாழ்த்து வரும். யார் வீட்டில் குழம்பு கருகியது, யார் மகன் சிரம்பான் டவுனில் யாரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான் என்பதெல்லாம் காலையில் பசியாறும் நேரத்துக்குள் கடைசி வீடு வரை போய், போன வழியில் கொஞ்சம் சதை போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடும்.

அப்படிப்பட்ட இடத்தில் புனிதன் வீட்டு விஷயம் மட்டும், எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் வாய் திறந்து கேட்காத விஷயமாக ரொம்பக் காலம் கிடந்தது. அதை மரியாதை என்று தோட்டத்துச் சனங்கள் நினைத்துக்கொண்டார்கள். நம்மை ஒதுக்கிவைத்துவிட்டார்கள் என்று ரோகினி நினைத்துக்கொண்டாள். வழியில் பார்த்தால் இரண்டு தரப்பும் பல்லைக் காட்டி, "பசியாறியாச்சா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நடையைக் கட்டினார்கள்.

ரோகினி புனிதனுக்கு ஒரே மகள். இருபத்திரண்டு வயது. புனிதனுக்குச் சிங்கப்பூரில் வேலை. மாதம் ஒரு தடவை வருவார், குழாயை ரிப்பேர் பண்ணுவார், குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுவார், மறுபடி பஸ் ஏறுவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் ரோகினியும் அவள் அம்மா விமலாவும்தான். அப்புறம் ரேடியோக்காரர்கள்.

ரேடியோக்காரர்கள் என்பது விமலா வைத்த பெயர். ரோகினி பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் விமலாவின் காதுக்குள் ஆட்கள் பேச ஆரம்பித்தார்கள். டாக்டர் அந்த நோய்க்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். ரோகினிக்கு அது மனப்பாடம். ஆனால் வீட்டில் அதைச் சொல்லுவதில்லை. "இன்னைக்கு ரேடியோக்காரங்க எப்படிம்மா?" என்று கேட்பாள். "லீவு போட்டுட்டானுங்க" என்று விமலா சொன்னால் அன்றைக்குச் சோறு இறங்கும். "காலையில இருந்து கத்துறானுங்க" என்றால் ஜன்னல் எல்லாம் சாத்தப்படும், வடித்த சோறு குப்பை வாளிக்குப் போகும், மகள் குளிக்கப் போனால்கூட அம்மா கதவுக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். "யாரும் பேசலம்மா, அது நோவு" என்று ரோகினி சொல்லிச் சொல்லி, விமலா அதைப் பாதி நம்புகிற இடத்துக்கு வந்ததே வருஷக்கணக்கான உழைப்பு. மாத்திரையும் மாதாமாதம் போடுகிற ஊசியும் மீதிப் பாதியைப் பார்த்துக்கொண்டன.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இதெல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. "அந்தப் புள்ளைக்குத் தலைக்கனம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டா பந்தியில உக்காராம, பொட்டலம் கட்டிக்கிட்டுப் பறக்குது" என்றார்கள். கூடப் படித்த பெண்கள் சிரம்பான் கடைகளுக்கும், கமியூட்டர் ரயில் ஏறிக் கோலாலம்பூர் ஆபீசுகளுக்கும் போய்விட்டார்கள். ரோகினி வீட்டில் உட்கார்ந்து ஊராருடைய ரவிக்கைகளுக்குக் கொக்கி தைத்தாள்.

அவளுக்கு ஆசை வேறு இடத்தில் இருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் ரம்புத்தான் மரத்தடியில் அப்பாவின் பழைய சின்ன லாரி நின்றது. பொழுதுபோகாத நேரத்தில் அதை எடுத்துத் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றுவாள். பக்கத்து சீட்டில் விமலா இருப்பாள். என்ன காரணமோ, அந்த லாரிக்குள் ரேடியோக்காரர்கள் அவ்வளவாக ஏறுவதில்லை. இஞ்சின் சத்தத்தை அவர்களால் மீற முடியவில்லை போலும். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் காண்ட்ராக்டர் ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டு, "பெரிய லாரி லைசென்ஸ் எடுத்துட்டு வாம்மா, வேலை இருக்கு" என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, ரோகினி அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். சிரம்பானில் வகுப்பு. வார நாட்களில் காலை நேரம். அந்த நேரத்தில் அம்மாவை யார் பார்ப்பது? முடிச்சு முடிச்சாகவே இருந்தது.

அது அவிழ்ந்தது ஆஸ்பத்திரியில், ஊசி போடுகிற அறையில். தாதி ஜாஹிதா ஊசியைப் போட்டுப் பஞ்சை அமுக்கிவிட்டு, ரோகினி பக்கம் திரும்பினாள்.

"நீ எப்படி இருக்க?"

"ராத்திரி நல்லா தூங்குறாங்க மிஸ்ஸி. சாப்பாடுதான் கொஞ்சம்..."

"அம்மா கதை முடிஞ்சிருச்சி. உன்னத்தான் கேக்குறேன்."

ரோகினி முழித்தாள். இப்படி ஒரு கேள்வியை இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. 'நல்லா இருக்கேன்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"எனக்கு லாரி ஓட்டணும் மிஸ்ஸி" என்று வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது.

ஜாஹிதா அந்த அறையில் எத்தனையோ விதமான பதில்களைக் கேட்டவள். இது புதுசு. அவள் பேச்சைத் தேடிக்கொண்டிருக்கும்போதே விமலா சட்டைக் கையை இறக்கிவிட்டபடி சொன்னாள்: "நல்லா ஓட்டுவா. ரிவர்ஸ்தான் கொஞ்சம் வளையும்."

"அப்ப ஓட்ட வேண்டியதுதானே?" என்றாள் ஜாஹிதா. "உங்க தோட்டத்துல அவ்வளவு வீடு இருக்கு. காலையில கொஞ்ச நேரம் அம்மாவோட உக்கார ஒரு ஆள் கிடைக்காதா? கேட்டுப் பாத்தியா?"

"கேட்டா பேசுவாங்க மிஸ்ஸி."

"கேக்காதப்ப பேசலையா?"

ரோகினி அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். திரும்பும் வழியெல்லாம் யோசித்தாள். யாரிடம் கேட்பது என்பதில் யோசனையே இல்லை, பக்கத்து வீட்டுச் செல்லம்தான். எப்படிக் கேட்பது என்பதுதான் பாடு. செல்லத்தின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த அம்மாவுக்கு இரண்டே பொழுதுபோக்கு. ஒன்று டிவி நாடகம். இன்னொன்று அந்தப் பலகைச் சுவர்.

ரோகினி கருவேப்பிலை கேட்கிற சாக்கில் போய் நின்றாள். செல்லம் கருவேப்பிலையைக் கிள்ளிக் கையில் கொடுத்துவிட்டு, "திங்கக்கிழமையாமே அந்த லாரி கிளாசு?" என்றாள்.

"நான் இன்னும் சொல்லவே இல்லையே பெரியம்மா!"

"குளிக்கிறப்ப சொல்லிப் பாத்தியே. 'பெரியம்மா, ஒரு உதவி' ன்னு. ரெண்டாவது தடவ சொன்னது நல்லா இருந்துச்சி. அப்படியே சொல்லு, கேப்போம்."

ரோகினிக்குக் காது வரை சூடேறியது. சொல்லி முடித்தாள். செல்லம் முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"நான் ஒருத்தி தினமும் வர முடியாதுலா. முட்டி விடாது. ஞாயித்துக்கிழம கோயில் மீட்டிங் இருக்கு, நான் பாத்துக்கிறேன்."

"ஐயோ, மீட்டிங்ல எல்லாம் வேணாம் பெரியம்மா!"

"நீ போ. கருவேப்பிலை வாடுது."

மாரியம்மன் கோயில் கூட்டம் என்றால் எட்டாம்கட்டையில் அது சட்டசபை. ஆண்டுத் திருவிழாவுக்கு எந்தக் குடும்பம் எந்த நாள் உபயம் எடுப்பது என்று அதில்தான் முடிவாகும். உபயம் எடுத்தால் அன்றைய பூ, பூசை, ஊருக்குச் சாப்பாடு எல்லாம் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. பதிலுக்குக் கழுத்தில் மாலை, தலையில் பரிவட்டம். எல்லாவற்றுக்கும் மேலாக, கோயில் தலைவர் தங்கராஜு மைக்கைப் பிடித்துத் தோட்டம் அதிர உபயகாரர் பெயரை அறிவிப்பார். சனங்கள் அடித்துக்கொள்வது ஆத்தாளின் அருளுக்கு என்று சொல்லிக்கொண்டாலும், பாதிச் சண்டை அந்த மைக்குக்குத்தான்.

ஏழாம் நாள் யாருக்கு என்று தங்கராஜுவும் கடைக்காரர் ஹேமநாதனும் மல்லுக்கு நின்றபோது செல்லம் எழுந்தாளாம்.

"ஆத்தாளுக்குப் பூப்போட இந்த அடி அடிச்சிக்கிறீங்க. நம்ம லயத்துல ஒருத்தி மனசு சரியில்லாம கிடக்கா. பெத்த புள்ள வெளிய போக, காலையில ஒரு ஆளு வந்து உக்கார நாதியில்ல. நாம எல்லாரும் பெரிய மரியாதக்காரங்க மாதிரி தலையக் குனிஞ்சிக்கிட்டுப் போறோம். ஆத்தாளுக்கு ஒரு நாள் பூ இல்லாட்டி அவ கோயில விட்டு ஓடப் போறாளா?"

அப்புறம் தங்கராஜு மேசையைத் தட்டி, "அருமையான யோசனை! அதையும் உபயமா எடுத்துக்குவோம்! விமலா உபயம்! முதல் நாள் நான்!" என்றார். உடனே ஹேமநாதன், "ரெண்டாவது நாள் நான்!" என்றார். ஏழாம் நாள் சண்டை அப்படியே இந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

ரோகினி அங்கே இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவள் துணி உலர்த்தி முடிப்பதற்குள் முழு விவரமும் வேலிக்கு மேலே வந்து சேர்ந்தது. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அன்று ராத்திரி, எப்போதோ வாங்கி மடித்து வைத்திருந்த நீலச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள்.

திங்கட்கிழமை காலையில் தங்கராஜு வந்தார். தனியாக வரவில்லை. மனைவி, இரண்டு மருமகள்கள், ஒரு பேரப்பிள்ளை, பழத் தட்டு, ஒரு அண்டா புளிச்சோறு. உபயம் என்றால் சும்மாவா? வரிசையாகப் பாய் விரித்து உட்கார்ந்து, அத்தனை பேரும் விமலாவையே பார்த்தார்கள். விமலா எழுந்து அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

"வந்தவங்களுக்குத் தண்ணி கலக்கலையாம்மா?" என்றார் தங்கராஜு.

ரோகினி எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்கி, கோப்பை பற்றாமல் செல்லம் வீட்டில் இரவல் வாங்கி, கழுவிக் கவிழ்த்துவிட்டு வகுப்புக்குப் போனபோது பாதி வகுப்பு முடிந்திருந்தது. தலைவர் குடும்பம் அவளுக்கு ஓய்வு கொடுத்ததில் அவளுக்கு முதுகு ஒடிந்தது.

செவ்வாய்க்கிழமை ஹேமநாதன். தலைவர் வைத்ததைவிடப் பெரிய தட்டு. புளிச்சோற்றுக்குப் பதில் நெய்ச்சோறு. அறைக்குள்ளிருந்து விமலாவின் குரல் கேட்டது: "ரோகினி, யாருக்குடி கல்யாணம்?"

சமாளித்துவிடலாம் என்றுதான் ரோகினி நினைத்தாள். வாய் திறந்து சொன்னால் நன்றி கெட்டவள் என்பார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் ஹேமநாதனுக்கு மனசு ஆறவில்லை. போகிற வழியில் தலைவரைப் பிடித்து, "உபயம்னா மைக்ல சொல்லணும்ல தலைவரே? செஞ்சது நானு, ஊருக்குத் தெரிய வேணாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நியாயம்தானே என்று தங்கராஜுவுக்கும் பட்டது. மைக் சம்பந்தப்பட்ட எல்லாமே அவருக்கு நியாயமாகத்தான் படும்.

புதன்கிழமை செல்லத்தின் முறை. அன்று அவள் தட்டும் இல்லாமல் அண்டாவும் இல்லாமல் வெறுங்கையோடு வந்து, விமலாவின் அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிவி பார்த்தாள். விமலா மெல்ல வெளியே வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரோகினி நேரத்துக்குக் கிளம்பினாள். சிரம்பானில் பெரிய லாரியை இரண்டு கம்பங்களுக்கு நடுவே பின்னால் விட்டுக்கொண்டிருந்தாள். வளையாமல் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் கைப்பேசி அடித்தது.

"புள்ள, கெளம்பி வா" என்றாள் செல்லம். அந்தக் குரலில் வம்பு துளிகூட இல்லை. ரோகினி லாரியை அங்கேயே நிறுத்திவிட்டு இறங்கினாள்.

நடந்தது இதுதான். வீட்டுக்கு எதிரே உள்ள கம்பத்தில் கோயில் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறது. பக்திப் பாட்டு நின்றது. தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு வானத்திலிருந்து கணீரென்று: "பக்த கோடிகளே! நம் தோட்டத்து விமலா அவர்கள் மனநலம் பெற வேண்டி, நேற்றைய விமலா உபயத்தைச் சிறப்பாகச் செய்தவர்கள் ஹேமநாதன் குடும்பத்தார்!"

விமலா எழுந்து வாசலைத் தாண்டி ரோட்டில் போய் நின்றாளாம். அண்ணாந்து பார்த்தாளாம். அப்புறம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பக்கம் திரும்பி, "கேட்டுச்சா? ஒங்களுக்கும் கேட்டுச்சில்ல? என் பேரச் சொல்றானுங்கன்னு நான் சொன்னேன்ல?" என்று கேட்டாளாம். இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? எல்லாருக்கும்தான் கேட்டது.

ரோகினி வந்தபோது விமலா ரம்புத்தான் மரத்தடியில் பழைய லாரிக்குள் இருந்தாள். கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு. சுற்றிலும் பாதித் தோட்டம். நடுவில் தங்கராஜு, கம்பியில்லாத மைக்கைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு.

"நல்லதுக்குத்தானேலா சொன்னேன்" என்றார்.

ரோகினிக்கு அதுவரை பல்லுக்குள் கடித்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது.

"எந்த நல்லது மாமா? 'யாரும் பேசலம்மா, யாரும் பேசலம்மா' ன்னு எத்தன வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன். ஒரே காலையில நீங்க என்னப் பொய்க்காரி ஆக்கிட்டீங்க. இனிமே நான் சொன்னா அவங்க ஏன் நம்பணும்? ஒங்க உபயமும் வேணாம், ஒங்க சோறும் வேணாம். நான் கிளாசுக்குப் போகல. எனக்கு லைசென்சும் வேணாம். எல்லாரும் போங்க."

எட்டாம்கட்டையில் கோயில் தலைவரை இப்படி யாரும் பேசியதில்லை. தங்கராஜுவுக்கு முகம் சுருங்கிவிட்டது. யாரும் இடத்தை விட்டு நகரவில்லை. செல்லம்கூட.

லாரியின் கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியது.

"ரோகினி. அது யாரு பேசினது?"

யாரும் பேசவில்லை என்று சொல்லிப் பழகிய நாக்கு. ஒரு நொடி தயங்கினாள். இந்த ஒரு தடவை அதைச் சொன்னால் அப்புறம் தன் எந்தப் பேச்சுமே அம்மாவிடம் நிற்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

"தலைவர் மாமாம்மா. கோயில் மைக்ல."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்."

விமலா யோசித்தாள். "அவரக் கூப்பிடு."

தங்கராஜு வந்து கண்ணாடி இடுக்கில் காதை வைத்தார். விமலா அவர் காதுக்குள் என்னவோ சொன்னாள். தலைவரின் புருவம் ஏறியது. "அதப் போயி கோயில் மைக்ல எப்படித் தங்கச்சி..." என்று இழுத்தார்.

"நான் சொன்னத அங்க போயிச் சொல்லுங்க. நீங்கதான்னா அது வரும். ரேடியோக்காரனுங்களுக்கு அது தெரியாது."

தலைவர் ரோகினியைப் பார்த்தார். செல்லம்தான், "என்னா பாக்குறீங்க? போங்கண்ணே, ஒங்களுக்குத்தான் மைக்குன்னா உசிராச்சே!" என்று தள்ளிவிட்டாள்.

தோட்டம் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. ஸ்பீக்கர் கொரகொரத்தது. ஒரு இருமல். பிறகு மாரியம்மன் கோயில் வரலாற்றில் முதல்முறையாக, தலைவர் தங்கராஜுவின் கம்பீரக் குரலில்:

"பக்த கோடிகளே... நெத்திலி சம்பல்."

கோயில் மைக்கில் மீன் பேர் வந்த கூச்சத்தில் மறுபடி ஒரு இருமல். "மன்னிக்கணும். நெத்திலி சம்பல். அவ்வளவுதான்."

முதலில் சிரித்தது யார் என்பதில் இன்றுவரை தகராறு இருக்கிறது. ஹேமநாதன் மனைவி என்கிறார்கள் சிலர். ஆனால் ரோகினிக்குத் தெரியும், லாரிக்குள்ளிருந்துதான் அந்தச் சிரிப்பு வந்தது. அதை அவள் ரொம்ப நாளாகக் கேட்டிருக்கவில்லை.

கண்ணாடி முழுசாக இறங்கியது. "இது அவருதான்" என்று விமலா தீர்ப்புச் சொன்னாள். "கரகரங்குது. நடுவுல இருமல் வேற. ரேடியோக்காரனுங்களுக்குச் சளி புடிக்காது. அவனுங்க வேற, இவரு வேற."

பிறகு லாரியை விட்டு இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, தன்னைச் சுற்றி நின்ற தோட்டத்துக்குச் சட்டம் போட்டாள். வருவதென்றால் ஒரே ஆள் வர வேண்டும். அண்டா கூடாது. "என் பேரு மைக்ல வரக்கூடாது. வந்து என்னையே பாத்துக்கிட்டு இருக்கக்கூடாது, நான் என்ன சாமியா? டிவியப் பாருங்க. கத்துறானுங்கன்னு நான் சொன்னா இல்லன்னு சண்டைக்கு வரக்கூடாது. ஆமான்னும் சொல்லக்கூடாது."

"தண்ணி வேணும்னா அவங்கவங்களே கலக்கிக்கணும்" என்று ரோகினி சேர்த்துக்கொண்டாள். சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"கோப்பையையும் கழுவணும்" என்றாள் செல்லம், ஹேமநாதன் வீட்டுக்காரர்களைப் பார்த்து.

அத்தோடு ரேடியோக்காரர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுத்த வாரமே ஒரு காலையில் அவர்கள் திரும்பி வந்து ஆட்டம் போட்டார்கள். அன்று இருந்தது ஹேமநாதனின் மனைவி. பயந்து போய் செல்லத்தைக் கூப்பிட்டாள். செல்லம் ஒரு தட்டு நெத்திலியைக் கொண்டுவந்து விமலாவுக்கு முன்னால் வைத்து, தலை கிள்ளிக்கொண்டே கடைசி வீட்டுக் கல்யாணப் பேச்சு முறிந்த கதையை ஆரம்பித்தாள். மத்தியானம் ரோகினி வந்து, "எப்படிம்மா?" என்று கேட்டபோது விமலா களைத்துப் போய், "செல்லம் அக்கா பேசுற பேச்சுல அவனுங்களுக்கு எடமே கெடைக்கல" என்றாள். ஊரையே பாடாய்ப் படுத்திய ஒரு வாய் கடைசியில் ஒரு வேலைக்கு ஆனது.

ஒரு சனிக்கிழமை ஜாஹிதா தானே காடியை ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்கே வந்து, முறை எடுத்தவர்களைக் கோயில் கொட்டகையில் உட்கார வைத்துப் பேசினாள். நோவு முற்றுவதற்கு முன்னால் என்ன அறிகுறி தெரியும், எப்போது ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுவது, எதைப் பேசக்கூடாது என்றெல்லாம் சொன்னாள். முடிவில், "ரோகினி எப்படி இருக்கான்னும் கேளுங்க. அம்மாவ மட்டும் கேக்காதீங்க" என்றாள். அதைத் தோட்டம் வழக்கம்போல மிதமிஞ்சிச் செய்தது. அடுத்த நாளிலிருந்து ரோகினி ரோட்டில் நாலு எட்டு நடக்க முடியவில்லை. "நீ எப்படிம்மா இருக்க? தூங்குனியா? நல்லா தூங்குனியா?" தூங்க விட்டால்தானே! ஆனால் அவள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கதவைச் சாத்திக்கொண்டு மெய்யாகவே தூங்கினாள். பக்கத்து அறையில் யாராவது ஒருத்தர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றும் நடந்தது. கடைசி வீட்டு மாயாண்டி, தம்பி ஏன் வெளியே வருவதில்லை என்று கேட்டால் "முதுகுவலி" என்றே பல வருஷமாகச் சொல்லிவந்த மனுஷன், ஒரு சாயந்திரம் செல்லத்திடம் வந்து தலையைச் சொறிந்தார்.

"செல்லம், அந்த உபயம்... எங்க வீட்டுக்கும் உண்டா?"

செல்லத்துக்கு அந்த முதுகுவலி என்ன வலி என்று எப்போதோ தெரியும். தெரிந்தும், வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "தம்பிக்கு டிவியில என்னா புடிக்கும்?" என்று மட்டும் கேட்டாளாம். முதல் முறையை எடுத்துக்கொண்டது யார் என்கிறீர்கள்? விமலா. லயத்து ஓரமாக மெதுவாக நடந்து போய், அவர் தம்பிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "ஒனக்கு என்னா சொல்றானுங்க?" என்று கேட்டாள். அதற்கப்புறம் அவர்கள் பேசியதைப் பலகைச் சுவர் வழியாகக்கூட யாரும் கேட்கவில்லை. கேட்க முயற்சி செய்யவில்லை என்று சொல்லுவதற்கில்லை.

திருவிழாவுக்கு முந்தின வாரம் ரோகினிக்கு டெஸ்ட். மேடு ஏறினாள், இறங்கினாள், கம்பங்களுக்கு நடுவே பின்னால் விட்டாள். கொஞ்சம் வளைந்தது. ஆனால் கம்பத்தைத் தொடவில்லை. பாஸ் என்று அதிகாரி சொன்னதும் அவள் முதலில் கூப்பிட்டது வீட்டுக்கு. "அம்மா, கெடச்சிருச்சி" என்றாள். அந்தப் பக்கம் விமலா வாசலில் நின்றவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கைப்பேசியை வெளியே நீட்டினாள். தோட்டம் சத்தம் போடுவது சிரம்பானில் கேட்டது.

கடைசி நாள் ரதம். எட்டாம்கட்டையில் ரதத்தை லாரியின் மேல்தான் கட்டுவார்கள். ஆத்தாள் அலங்காரத்தோடு அதில் ஏறித் தோட்டத்தைச் சுற்றி வருவாள். வருஷா வருஷம் ஓட்டுகிறவருக்கு அந்த வருஷம் இடுப்புப் பிடித்துக்கொண்டது. காண்ட்ராக்டர், "ரோகினி இருக்கே" என்றார். கமிட்டியில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "பொம்பளப் புள்ள எப்படிச் சாமி ரதத்த..." என்று ஹேமநாதன் ஆரம்பித்தார்.

"மேல உக்காந்திருக்கிறது யாரு, ஆம்பளையா?" என்றாள் செல்லம்.

பேச்சு அத்தோடு முடிந்தது.

அன்று சாயந்திரம் மேளம் கொட்ட, கற்பூரம் எரிய, ரோகினி நீலச் சட்டையோடு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். புனிதன் சிங்கப்பூரிலிருந்து வந்து, தேங்காய் உடைக்கிற சாக்கில் முன்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு கண்ணைத் துடைத்தார், குழாயைத் திறந்துவிடாமல். பக்கத்து சீட்டில் விமலா. இவ்வளவு சத்தத்தில் வேண்டாம் என்று ரோகினி சொல்லித்தான் பார்த்தாள். "லாரிக்குள்ளதானே? அவனுங்க ஏற மாட்டானுங்க" என்று விமலா கதவைச் சாத்திக்கொண்டாள். முடியாவிட்டால் மகளின் கையைத் தட்டுவது, தட்டினால் செல்லம் வந்து இறக்கிக் கூட்டிப்போவது என்று ஏற்பாடு. செல்லம் ஜன்னலுக்கு வெளியே நடந்தபடி இருந்தாள், முட்டியை மறந்துவிட்டு.

தங்கராஜு மைக்கோடு வந்தார். ஆனால் பேசவில்லை. மைக்கை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் வந்து நின்றார்.

"தங்கச்சி, ஒரு வார்த்த. பேரச் சொல்லலாமா?"

ரோகினி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். விமலா கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளேயிருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டாளோ என்னவோ.

"என் பேரு வேணாண்ணே" என்றாள். "ஓட்டுறவ பேரச் சொல்லுங்க."

தலைவர் மைக்கைத் தட்டினார், செருமினார், இருமினார்.

"பக்த கோடிகளே! நம் அம்மனின் ரதத்தை இன்று ஓட்டி வருபவர், விமலா... மன்னிக்கணும்! புனிதன் மகள் ரோகினி!"

"சத்தமாண்ணே!" என்றாள் விமலா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி. "ரேடியோக்காரனுங்களுக்கும் கேக்கட்டும்!"

ரோகினி கியரைப் போட்டாள். ரதம் அசங்காமல் நகர்ந்தது.